முட்டும் வலியும்

ஹவில்தார் அழகியநம்பியின் இடது கால் முட்டு கெட்டுப்போனதில் எந்த எதிரி நாட்டுக்கும் பங்கில்லை. இருபத்துமூன்று வருடம் முதுகில் முப்பது கிலோ மூட்டையோடு மலை ஏறி இறங்கியதிலும், அதிகாரி யாராவது கண்ணில் பட்டபோதெல்லாம் காலைத் தூக்கித் தரையில் அறைந்து விறைத்து நின்றதிலும் அது தானாகத் தேய்ந்தது. தரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவருக்குச் சொந்த ஊர் நாகர்கோயில் வடசேரி. மனைவி உலகம்மை திருவனந்தபுரத்துக்காரி. பழவங்காடியில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். பணிக்காலம் முடியப்போகிற நேரத்தில் திருவனந்தபுரத்துக்கே மாற்றல் கிடைத்ததைப் பிள்ளையார் கொடுத்தது என்று உலகம்மை நம்பினாள். மாற்றல் உத்தரவோடு இன்னொரு தாளும் வந்திருந்தது. டிசம்பரில் உடல்தகுதித் தேர்வு. ஐந்து கிலோமீட்டர் ஓடித் தேறினால் நாயிப் சுபேதார் ஆகலாம், இன்னும் சில வருடம் சீருடை போடலாம். தேறாவிட்டால் பிப்ரவரியில் வீட்டுக்குப் போகலாம்.

ஆகஸ்டில் படைப்பிரிவு டாக்டர் முட்டை அமுக்கிப் பார்த்தார். எலும்பில் பெரிய கோளாறு இல்லை, தொடைத் தசை தளர்ந்துவிட்டது, நல்ல பிசியோதெரபிஸ்ட் கையில் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் டிசம்பரில் ஓடலாம், அதுவரை மறந்தும் ஓடக்கூடாது என்றார். இவ்வளவையும் வாயால் சொன்னார். சீட்டில், ‘பிசியோதெரபிக்கு அனுப்பப்படுகிறார்’ என்பதை மட்டும் எழுதினார். வெளியே நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

சிப்பாய் நலச் சீரமைப்பு நிலையம் ஒரு மேட்டின் மேல் இருந்தது. எந்த மேடு என்று நான் சொல்லப்போவதில்லை. திருவனந்தபுரத்தில் மேடுகளுக்குப் பஞ்சமில்லை. வாசலில் ஒரு பெரிய பலகை. தொழிற்சாலைகளில் விபத்தில்லாத நாட்களை எழுதி வைப்பார்களே, அதுபோல. ‘முட்டுவலி இல்லாத படை! இன்று 412ஆம் நாள். முட்டு நோயாளிகள்: 0.’ எண்களை மட்டும் தினமும் சாக்குக்கட்டியால் மாற்றி எழுத ஒரு சிப்பாயை நியமித்திருந்தார்கள். அழகியநம்பி பலகையைப் படித்துவிட்டு, இங்கே வந்தவன் ஒருவன்கூட நோயோடு திரும்பவில்லை போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். பட்டாளத்தில் இருபத்துமூன்று வருடம் இருந்தவர் ஒரு பலகையை நம்பினார் என்றால் அவர் எவ்வளவு நல்லவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

நோயாளி தன் நோயைச் சொந்த வாயால் சொல்ல வேண்டும், பதிவு குமாஸ்தா அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது நிலையத்தின் விதி. குமாஸ்தா சஜி நல்ல மனிதர், மலையாளி. தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தமிழ்ப்படம் பார்க்கிற எல்லோருக்கும் அந்த எண்ணம் உண்டு.

“எந்தா அசுகம்?”

“முட்டு வலி.”

“முட்டும் வலியும்.” சஜி எழுதினார். “எத்ற நாளாயி?”

“ரெண்டு வருஷமாட்டு.”

“படி கேறும்போ?”

“படி ஏறினா முட்டு பிடிச்சுக்கிடும். நின்னு நின்னுதான் ஏறணும்.”

“வலி எப்போழும் உண்டோ?”

“உண்டு. காலம்பற எந்திரிச்ச உடனே கூடுதலாட்டு இருக்கும்.”

சஜி வருத்தத்தோடு நாக்கைச் சப்புக்கொட்டினார். “இத்ற வலிச்சால் பின்னே முட்டாதிரிக்குமோ?”

வலித்தால் முட்டு சும்மாவா இருக்கும் என்று தனக்காக இரங்குகிறார் என்று எண்ணி அழகியநம்பி நன்றி சொன்னார். இந்த உரையாடலில் இருவரும் பொய்யே பேசவில்லை. சஜி ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்து மூன்றாவது மாடியைக் கைகாட்டினார்.

லிஃப்ட் வாசலில் ‘நோயாளிகள் பயன்படுத்தக் கூடாது’ என்று போட்டிருந்தது. அழகியநம்பி அறுபத்தாறு படி ஏறினார். மேலே ஒரு டாக்டர் அவர் அட்டையைப் பார்த்துவிட்டு முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. ‘நோய் தாக்காத வேளைகளில் நெஞ்சு தெளிவாக இருப்பது இந்நோயின் இயல்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முட்டு வலி என்று அழகியநம்பி மறுபடியும் சொன்னார். டாக்டருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. அட்டையில் எழுதியிருக்கிறது என்று இந்தியில் சொன்னார்.

அன்றே சிகிச்சை தொடங்கியது. வரிசையாகப் பத்துப் பேர் விறைத்து நின்றார்கள். இவர் பதினோராவது ஆள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் மூன்று பந்து, ஒரு குழாய். சுபேதார் விசில் ஊதினால் எல்லோரும் குழாயை உறிஞ்ச வேண்டும், பந்துகள் மேலே ஏற வேண்டும். அடுத்த விசிலுக்குப் பந்துகள் ஒரே நேரத்தில் கீழே விழ வேண்டும். ஒருவர் பந்து மட்டும் பிந்தி விழுந்தால் அத்தனை பேரும் முதலிலிருந்து உறிஞ்ச வேண்டும். முட்டுக்கு எதற்குப் பந்து என்று அழகியநம்பி யோசித்தார். ஆனால் பட்டாளத்தில் அவர் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்திருக்கிறார், அதிகாரி வரும் வழியில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பச்சை இலைகளை மட்டும் திரும்பப் போட்டிருக்கிறார். அவற்றோடு பார்த்தால் இது அவ்வளவு விசித்திரமில்லை. உறிஞ்சினார். மூன்று பந்தும் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டன.

பத்து நாளில் ஒன்றைக் கவனித்தார். அந்த அறையில் ஒருவரும் இருமவில்லை. எல்லோரும் நொண்டினார்கள். இளைப்பு கொஞ்சமாவது இருந்தது விசில் ஊதிய சுபேதாருக்குத்தான்.

மஞ்சள் அட்டையை முதலில் ஒழுங்காகப் படித்தவள் உலகம்மை. சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கிடந்தது. ஆஸ்துமா என்றும், கடும் புகைப்பழக்கம் உள்ளவர் என்றும், படி ஏறினால் மூச்சடைப்பு என்றும் அதில் இருந்தது. அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, அந்த ஆளிடம் என்ன சொன்னீர்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“முட்டுன்னா இங்க மூச்சு முட்டதாக்கும். வலின்னா பீடி வலிக்கது, இல்லேன்னா இளைப்பு. ரெண்டையும் சேத்துச் சொன்னா ஆஸ்துமால்லாம வேற என்னத்த எழுதுவான்? நோவுக்கு வேதனைன்னு சொல்லணும்.”

“வேதனை மனசுக்குல்லா வரும்?”

“இங்க முட்டுக்கும் வரும்.”

மறுநாள் அவர் பக்கத்தில் நின்று உறிஞ்சும் நாயக் தாசையனிடம் விஷயத்தைச் சொன்னார். தாசையன் மார்த்தாண்டத்துக்காரர், ஏழு மாதமாகப் பந்து ஏற்றிக்கொண்டிருப்பவர். அவர் ஆச்சரியப்படவே இல்லை. இங்கே நிற்கிற பதினோரு பேரும் தமிழ் பேசுகிறவர்கள்தான், பதினோரு பேருக்கும் முட்டுதான் என்றார். “சொல்லிராதிய அண்ணே. சொன்னா ஓட விடுவானுவ.”

தாசையன் சொன்னதன் அர்த்தம் விளங்க அழகியநம்பிக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் உலகம்மை கீழ்த்தளத்தில் ஒரு பூட்டிய கதவையும் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஷிஜியையும் கண்டுபிடித்திருந்தாள். ஷிஜி முட்டுக்கான பிசியோதெரபிஸ்ட். தினமும் வித்துராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். கதவுக்குப் பின்னால் கட்டில், எடைகள், ரப்பர் பட்டைகள், சைக்கிள் எல்லாம் உறை பிரிக்காமல் இருந்தன. நானூறு நாளுக்கு மேலாக ஒரு முட்டு நோயாளியும் பதிவாகாததால் அறையைத் திறக்க அனுமதி இல்லை. நொண்டிக்கொண்டு மாடி ஏறுகிறவர்களை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மாதம் மேலே எழுதிக் கேட்டாள். நோயாளிகளின் நடையை உற்றுப் பார்ப்பது ஒப்பந்த ஊழியரின் வேலை அல்ல என்று பதில் வந்தது.

உலகம்மை புருஷனைக் கூட்டிக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். லெப்டினன்ட் கர்னல் ஹரிகுமார் நாகரிகமான மனிதர். இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் சுசீந்திரம் பக்கத்துக்காரர் என்பதை மேசைமேல் இருந்த கோயில் படத்தைப் பார்த்தே உலகம்மை தெரிந்துகொண்டாள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து ஊர்த்தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா, நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. என் அம்மாவுக்கும் முட்டு வலிதான். ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் அதிகாரம் எனக்கு இல்லை. இந்த நிலையத்துக்குத் தெரிந்தது அட்டை. அட்டையைத் திருத்தப் படிவம் இருக்கிறது. ஆஸ்துமா இல்லை என்று அவர் நிரூபிக்க வேண்டும்.”

“எப்படி நிரூபிக்கது?”

“ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும்.”

முட்டு வலிக்கிறவர் எப்படி ஓடுவார் என்று அவள் கேட்டாள். ஓடாவிட்டால் ஆஸ்துமா உறுதியாகும் என்றார். அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டால் முட்டுக்கு வைத்தியம் பார்ப்பீர்களா என்று கேட்டாள். ஹரிகுமார் சிரித்தார். ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு முட்டுவலி எப்படி அம்மா இருக்கும் என்றார்.

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கேலியாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லலாம். அந்த மனிதர் ஒரு கண்டுபிடிப்பைப் பகிர்ந்துகொள்கிறவர்போலச் சொன்னார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அட்டையில் ஆஸ்துமா இருக்கும்வரை டிசம்பர் தேர்வு மைதானத்தில் அழகியநம்பி கால் வைக்கவே முடியாது. ஓடினால் முட்டு போகும். ஓடாவிட்டால் வேலை போகும். படைப்பிரிவு டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், அவர் வாயால் சொன்னதும் அவரோடு போய்விட்டது. அழகியநம்பி முட்டில் துணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு செப்டம்பர் கடைசியில் ஒரு காலையில் ஓடினார். சைக்கிளில் பக்கத்தில் வந்த சுபேதாருக்கு மூச்சு வாங்கியது. நான்காவது கிலோமீட்டரில் முட்டுக்குள் ஏதோ அறுந்த சத்தம் அழகியநம்பிக்கே கேட்டது. நிற்கவில்லை. இருபத்தொன்பது நிமிடத்தில் ஓடி முடித்து, காலைத் தூக்கி அறைந்து சல்யூட் வைத்து, அப்படியே உட்கார்ந்தார்.

நிலையம் அதே நாளில் அறிக்கை எழுதியது. ‘கடுமையான ஆஸ்துமா நோயாளி, நமது மூச்சுப் பயிற்சியால் ஐந்தே வாரத்தில் முழுக் குணம். ஐந்து கிலோமீட்டர் ஓடினார். வேறு புகார் எதுவும் இல்லை.’

முட்டு தேங்காய் அளவுக்கு வீங்கியது. பதிவேட்டில் பெயர் இல்லாத காலைத் தொட ஷிஜிக்கு அனுமதி இல்லை. அவள் தாழ்வாரத்திலேயே தரையில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தாள். உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, டிசம்பர் ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்றாள். இப்போதாவது பயிற்சி தொடங்கினால் அறுவை இல்லாமல், கம்பு ஊன்றாமல் நடக்கலாம். இன்னும் இரண்டு மாதம் இப்படியே விட்டால் அதுவும் இல்லை. அழகியநம்பிக்குக் கேட்க ஒரு கேள்விதான் இருந்தது, நடக்கலாமா என்று. அதற்கு அவள் முன்பே பதில் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் முதல் வாரம் பிரிகேடியர் ஒருவர் நிலையத்தைப் பார்வையிட வந்தார். பலகையில் 460 என்று எழுதியிருந்தது. முட்டுவலியை ஒழித்த நிலையம் என்று தலைமையகத்துக்கு விருதுக்குப் பரிந்துரை போகவிருந்தது. பந்தலில் ஹரிகுமார் பேசினார்.

“முட்டு என்பது சிப்பாயிடம் ஒப்படைக்கப்பட்ட அரசுடைமை. துப்பாக்கியைப் பழுதாக்கிக் கொண்டுவருகிறவனிடம் நாம் விளக்கம் கேட்கிறோம். முட்டைப் பழுதாக்கிக் கொண்டுவருகிறவனுக்கு மட்டும் ஏன் வெந்நீர் ஒத்தடம்? வலி என்பது ஒரு தகவல். தகவல் உரிய வழியில் மேலே வர வேண்டும். உரிய வழியில் வராத வலி வெறும் வதந்தி. இந்த ஒரே கொள்கையால், ஒரு மாத்திரைகூடச் செலவில்லாமல், நானூற்றறுபது நாளாக முட்டுவலியை இந்த நிலையத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆஸ்துமா கொஞ்சம் கூடியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது பொன்முடி மலைப் பக்கத்துப் பனி.”

பிரிகேடியர் கைதட்டினார். பிறகு குழுப்படம். பின்வரிசையில் ஊழியர்கள் நிற்க, நடுவில் நாற்காலிகளில் பிரிகேடியரும் ஹரிகுமாரும் மற்ற அதிகாரிகளும். அவர்களுக்கு முன்னால், குணமானவர்களும் குணமாகிக்கொண்டிருப்பவர்களுமான பதினோரு நெஞ்சு நோயாளிகள். முன்வரிசை நின்றால் நாற்காலி மறையும் என்பதால் முன்வரிசை ஒரு முட்டைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். பட்டாளத்தில் படம் எடுக்கிற வழக்கம் அது. சுபேதார் விசில் ஊதினார்.

பத்துப் பேர் முட்டுக்குத்தினார்கள். தாசையன் கண்ணில் தண்ணீர் வந்தது. காமிராவைப் பார்த்துச் சிரித்தார். அழகியநம்பி நின்றார். இடது முட்டு மடங்காது என்பது உண்மை. வலது முட்டை ஊன்றியிருக்கலாம், இடதை நீட்டிச் சமாளித்திருக்கலாம், பட்டாளத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். அவருக்கு அன்று மனம் வரவில்லை. விசில் மறுபடியும் கேட்டது. ஹரிகுமார் நாற்காலியிலிருந்து தலையைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முதல்முறையாக ஊர்த்தமிழில் பேசினார்.

“வே, முட்டுக்குத்தும்.”

“முட்டுக்குத்த மாட்டேன் சார்.”

“ஏன்?”

“முட்டு வலி.”

படம் எடுக்கிறவர் கூலிக்கு வந்தவர். அவருக்கு அடுத்து ஒரு கல்யாணம் இருந்தது. எடுத்துவிட்டார். படத்தில் பிரிகேடியர் இருந்த இடத்தில் ஹவில்தார் அழகியநம்பியின் நெஞ்சு நேராக நின்றது. ஹரிகுமாரின் ஒரு காது தெரிந்தது.

சாயங்காலமே குற்றப்பத்திரிகை வந்தது. கீழ்ப்படியாமை. பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும். அதோடு நாயிப் சுபேதார் கனவுக்கு முழுக்கு. அழகியநம்பி தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உலகம்மை அதை எடுத்து மூன்று முறை படித்தாள். இதை எழுதியது சஜி அல்ல, ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் இருந்த ஓர் இந்திக்காரர். அந்த வீங்கிய முட்டைக் கண்ணால் பார்த்திருந்த சுபேதார் இந்தியில் சொன்னதை வரி பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ‘இடது முழங்காலில் வலி இருப்பதாகக் கூறி மண்டியிட மறுத்தார்.’ கீழே நிலையத்தின் முத்திரை, லெப்டினன்ட் கர்னல் ஹரிகுமாரின் முழுக் கையெழுத்து.

“பாத்தியளா? ரெண்டு மாசமா எழுத மாட்டேன்னவன் எழுதிட்டான். உங்க முட்டு ஆபீஸ்ல ஏறியாச்சு.”

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவர் தாசையனுக்குப் போன் போட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினார்.

பிரிகேடியரின் முகமில்லாத படத்தைத் தலைமையகத்துக்கு அனுப்ப முடியாது. மறுநாள் காலை அவர் விமானம் ஏறுவதற்கு முன் படத்தை மறுபடியும் எடுக்க உத்தரவு. அழகியநம்பியை வரக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள். சுபேதார் விசில் ஊதினார். பத்துப் பேரும் நின்றார்கள். காரணம் கேட்கப்பட்டது. பத்துப் பேரும், இந்திக்காரருக்குப் புரியும்படி இந்தியில், ஒரே காரணத்தைச் சொன்னார்கள்.

குற்றப்பத்திரிகையில் நோயைக் காரணமாகச் சொல்லியிருந்தால் நிலையமே அந்த உறுப்பைப் பரிசோதித்துச் சிகிச்சை விவரத்தோடு அறிக்கை தர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஷிஜிக்கு நானூறு நாளாக விதிப்புத்தகத்தைப் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவள்தான் பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்தாள். பதினோரு பேருக்கும் சிவப்பு மை உறுதியாயிற்று. அழகியநம்பி பிப்ரவரியில் ஹவில்தாராகவே வீட்டுக்குப் போவார். அதை எந்த விதியும் மாற்றாது. ஆனால் திங்கட்கிழமை கீழ்த்தளத்துப் பூட்டைத் திறந்தார்கள்.

அன்று பதிவு ஜன்னலில் அவர்தான் முதல் ஆள். வாசலில் அந்தச் சிப்பாய் சாக்குக்கட்டியை வைத்துக்கொண்டு, என்ன எழுதுவது என்று உத்தரவுக்குக் காத்திருந்தான். சஜிக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. அவர் தலை நிமிரவில்லை. எந்தா அசுகம் என்று மெதுவாகக் கேட்டார். அழகியநம்பி வாயைத் திறக்காமல் குற்றப்பத்திரிகையை நீட்டினார். சஜி அதைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, இடது முட்டு என்று எழுதினார். பிறகு பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

“வலி உண்டோ?”

“நான் ஒருநாளும் வலிச்சவன் இல்ல, சஜி. வேதனை உண்டு.”

சஜி எழுதினார். பின்னால் நின்ற தாசையன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, தனக்கும் அதையே எழுதச் சொன்னார்.